குற்றம் குழந்தையின் உடம்பில் இல்லை

“இவளுக்குத் தூசு ஒத்துக்காது, டாக்டர்.”

மார்கழி பிறந்துவிட்டால் திருச்சியில் மருத்துவரின் மேசைக்கு முன்னால் தாய்மார்கள் சொல்லும் முதல் வாசகம் இதுதான். மடியில் கிடக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கும். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல் சத்தம் வரும். நெபுலைசர் வைத்ததும் சற்று நேரத்தில் முகம் தெளியும். ‘ஐஸ் வேண்டாம், தலைக்குக் குளிப்பாட்ட வேண்டாம்’ என்ற எச்சரிக்கைகளோடு வீட்டுக்குப் போவார்கள். சில வாரம் கழித்து அதே வரிசை, அதே வாசகம்.

அந்த வாசகத்தைத்தான் இன்று நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம். ‘ஒத்துக்காது’ என்று சொல்லும்போது குறையை எங்கே வைக்கிறோம்? பிள்ளையின் உடம்பில் வைக்கிறோம். ஊரே மூச்சு விடுகிற காற்றுதானே, இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்கிறோம். பரம்பரை என்கிறோம். பாட்டிக்கும் இளைப்பு இருந்தது என்கிறோம். வாசலில் கரும்புகை கக்கிச் செல்லும் லாரியும் தெருமுனையில் எரியும் குப்பையும் எந்த மருந்துச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் அறிவியல் சான்றுகள் அவற்றின் பெயரைத்தான் முன்னால் வைக்கின்றன. புகையில் வரும் நுண்துகள் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வாமையைக் கிளறிவிடுவதோடு நிற்பதில்லை. இல்லாத ஒவ்வாமையை உடம்புக்குக் கற்றுக்கொடுக்கவும் அதனால் முடியும். இதை அறிந்த பிறகும் குழந்தையின் உடம்பையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பது அநீதி.

மலைக்கோட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மெயின்கார்டு கேட்டில் தொடங்கி, தெப்பக்குளத்தைக் கடந்து, என்.எஸ்.பி. சாலை, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி வழியாகக் காந்தி மார்க்கெட் வரை போகலாம். மாட்டு வண்டிக் காலத்து அகலத்தில் வீதிகள். இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள். நடுவே ஆட்டோ, சரக்கு வண்டி, இருசக்கர வாகனம். சத்திரம் பேருந்து நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நகரின் பழைய பள்ளிகளும் கல்லூரிகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. இரு சுவர்களுக்கு இடையில் வெளிப்படும் புகை கலைந்து போக இடமில்லாமல், நடப்பவரின் மூக்கு உயரத்திலேயே நிற்கிறது. காந்தி மார்க்கெட்டில் இரவெல்லாம் வெங்காய லாரியும் காய்கறி லாரியும் வந்தபடி இருக்கும். அந்தப் புகைக்குள்தான் சுமை தூக்குவோர் மூட்டை இறக்குகிறார்கள். பாரம் சுமப்பவர் இழுக்கும் காற்று, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் இழுப்பதைவிடப் பல மடங்கு. அதோடு சேர்ந்து துகளும் அத்தனை மடங்கு உள்ளே போகிறது.

காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஸ்ரீரங்கத்தில் நல்ல காற்று என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆற்றங்கரைக் காற்று ஓரளவு ஆறுதல்தான். ஆனால், மாம்பழச்சாலையில் காலை எட்டரை மணிக்கு வண்டிகள் ஊர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை குறையும். ஏழு திருச்சுற்று மதில்களும் தடுக்காத பகை இது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். நாம் பேசும் நுண்துகள் (பி.எம். 2.5) 2.5 மைக்ரானுக்கும் கீழே. டீசல் கரித்துகள்களில் பெரும்பாலானவை அதைவிடவும் நுண்ணியவை, 0.1 மைக்ரானுக்கும் கீழே. மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்து வைக்கும். இந்தத் துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கும்.

திருச்சியின் காற்றை அளக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட், மத்தியப் பேருந்து நிலையம், பிஷப் ஹீபர் கல்லூரி, பொன்மலை ஆகிய இடங்களில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவெடுக்கிறது. ஆனால், ஆள் வைத்து அளக்கும் நிலையங்களுக்குத் தேசியக் கண்காணிப்புத் திட்டம் வைத்திருக்கும் கணக்கு வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் மட்டுமே. போகிப் புகையும் தீபாவளிப் புகையும் குப்பைமேட்டுத் தீயும் அந்த இரண்டு நாள் பார்த்து வருவதில்லை. அளந்த எண்ணும் அளந்த இடத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெயின்கார்டு கேட்டில் பூ விற்கும் பெண்ணுக்கு அவர் தலைக்கு மேலே நடக்கும் அளவீட்டைப் பற்றி எவரும் சொன்னதில்லை.

2019 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சுமார் 130 நகரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, தூத்துக்குடி, திருச்சி ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. துகள் மாசை 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைப்பது இலக்காக வைக்கப்பட்டது. நோக்கம் நல்லது, நிறைவேற்றத்தில்தான் பிழை. முன்னேற்றத்தை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் பி.எம். 10 எனப்படும் பெரிய துகள்கள். அதனால் பணம் போனதும் பெரும்பாலும் சாலைப் புழுதிக்கே. இத்திட்டத்தின் நிதியில் 64 சதவீதம் புழுதியை அடக்கும் வேலைகளுக்குச் செலவானதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்கிட்டுக் காட்டியது. வாகனப் புகைக்குச் சென்றது சுமார் 13 சதவீதம். தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. சாலையைப் பெருக்குவதும் தண்ணீர் தெளிப்பதும் தேவையான வேலைதான். ஆனால், நுரையீரலின் அடிவரை சென்று அழற்சியை மூட்டும் கரித்துகள் எரிபொருளிலிருந்தும் எரியும் குப்பையிலிருந்தும் வருகிறது. துடைப்பத்தால் அதைப் பெருக்க முடியாது.

இனி அறிவியலின் சாட்சியைக் கேட்போம்.

ஒவ்வாமை ஆஸ்துமா என்பது அடிப்படையில் மூச்சுக்குழலில் ஏற்படும் அழற்சி. தூசுப்பூச்சி, கரப்பான் பூச்சியின் கழிவு, மகரந்தம், பூஞ்சை போன்ற தீங்கற்ற பொருளை உடம்பின் காவல் அமைப்பு பகையென்று எண்ணிவிடுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அந்தப் பொருள் மறுபடி வரும்போது மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. குழலின் உட்சுவர் வீங்குகிறது, தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. வைக்கோல் வழியாக மூச்சு விடுவது போன்ற அந்தத் தவிப்பைத்தான் நம் ஊரில் வீசிங் என்கிறோம், இளைப்பு என்கிறோம்.

இதில் புகையின் பங்கு என்ன? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டயஸ்-சான்செஸ், ஆண்ட்ரூ சாக்ஸன் ஆகியோரின் குழு 1990களில் இதை மனிதர்களிடமே சோதித்தது. ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாதவர்களின் மூக்கில் அதை மட்டும் செலுத்தியபோது வந்த எதிர்வினையையும், டீசல் துகளோடு சேர்த்துச் செலுத்தியபோது வந்த எதிர்வினையையும் ஒப்பிட்டார்கள். டீசல் துகள் சேர்ந்தபோது அந்த மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ 16 மடங்கு அதிகமாக இருந்தது. மகரந்தம் அதேதான், மூக்கும் அதேதான். கூட வந்தது புகை மட்டுமே.

அதைவிடக் கனமான சாட்சி 1999இல் வந்தது. பெரும்பாலான மனிதர்களின் உடம்பு வாழ்நாளில் சந்தித்தேயிராத ஒரு கடல் நத்தையின் புரதத்தை அதே குழு எடுத்துக்கொண்டது. அதை மட்டும் மூக்கில் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் ஒவ்வாமைக்குரிய ஐஜிஇ உருவாகவில்லை. டீசல் துகளோடு சேர்த்துக் கொடுத்த 15 பேரில் 9 பேருக்கு உருவானது. நேற்றுவரை எந்தப் பகையும் இல்லாத ஒரு பொருளைப் பகையென்று நினைக்க உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தது புகை. ‘இவளுக்கு ஒத்துக்காது’ என்ற வாசகத்தின் அடித்தளம் இந்த ஒரு சோதனையிலேயே ஆட்டம் காண்கிறது.

மூக்கில் நடப்பது நுரையீரலிலும் நடக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கார்ல்ஸ்டன் குழு, ஒவ்வாமை உள்ள தன்னார்வலர்களை இரண்டு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்க வைத்து, பிறகு நுரையீரலின் ஒரு சிறு பகுதியில் ஒவ்வாப் பொருளைச் செலுத்திப் பார்த்தது. தூய காற்றுக்குப் பின் செலுத்தியதைவிடப் புகைக்குப் பின் செலுத்தியபோது இயோசினோஃபில் அழற்சி கூடியது. இதன் வழிமுறையும் இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. துகளின் மேல் ஒட்டியிருக்கும் எரிபொருள் வேதிப்பொருட்களும் உலோகங்களும் மூச்சுக்குழலின் உட்படலத்தை அரிக்கின்றன. காயம்பட்ட படலம் அபாயச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி கேட்ட காவல் செல்கள், அந்த நேரத்தில் கூடவே வந்து சேர்ந்த மகரந்தத்தையும் பூஞ்சையையும் எதிரிகள் பட்டியலில் எழுதிக்கொள்கின்றன. காயம் ஏற்படுத்தியது துகள். பழி விழுவது மகரந்தத்தின் மேல்.

தெருவில் நடந்த சோதனையும் உண்டு. டீசல் பேருந்துகளும் டாக்ஸிகளும் மட்டுமே ஓடிய லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், லேசான அல்லது மிதமான ஆஸ்துமா உள்ள 60 பேரை இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். இன்னொரு நாள் அதே 60 பேர், அதே இரண்டு மணி நேரம், பக்கத்திலுள்ள ஹைடு பூங்காவில் நடந்தார்கள். தெருவில் நடந்த நாளில் ஒரு விநாடியில் ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு 6.1 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவில் அவ்வளவு குறையவில்லை. 2007இல் வெளியான அந்த ஆய்வு, மற்ற மாசுகளைவிட மிக நுண்ணிய துகளோடும் கரியோடுமே இந்த வீழ்ச்சி நெருங்கிப் பொருந்துவதாகக் காட்டியது. என்.எஸ்.பி. சாலையில் இரண்டு மணி நேரம் தீபாவளித் துணி எடுக்கும் ஆஸ்துமாக்காரர், தன்னை அறியாமலே இந்தச் சோதனைக்கு உட்படுகிறார்.

எல்லா ஆஸ்துமாவுக்கும் புகைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு. வைரஸ் காய்ச்சலுக்கு உண்டு. ஈரச்சுவர்ப் பூஞ்சைக்கும் பழைய மெத்தைத் தூசுக்கும் உண்டு. ஆனால், பாட்டியின் மரபணுவை எந்த அரசாலும் மாற்ற முடியாது. லாரியின் புகையை மாற்ற முடியும். மாற்ற முடிந்ததை மாற்றாமல் விட்டுவிட்டு, மாற்ற முடியாததைக் காட்டித் தப்பித்துக்கொள்வதைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

நாடாளுமன்றத்தில் காற்று மாசு பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் ஒன்றிய அரசு ஒரே பதிலைப் படிக்கிறது. காற்று மாசு மட்டுமே காரணமாக மரணமோ நோயோ நேர்ந்ததென்று நேரடித் தொடர்பை நிறுவும் உறுதியான தரவு நாட்டில் இல்லை என்பதே அந்தப் பதில். ‘மட்டுமே’ என்ற சொல்லில் ஒளிந்துகொள்ளும் பதில் அது. நோய்கள் பலவற்றுக்கும் காரணங்கள் பல. அதற்காக ஒவ்வொரு காரணத்தையும் விடுதலை செய்துவிட முடியுமா? தரவு இல்லையென்றால் தரவைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது? கண்ணை மூடிக்கொண்டவர் இருட்டைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

பிரிட்டன் இந்த ஒளிவிடத்தை ஒரு சிறுமியின் மரணத்தில் இழந்தது. லண்டன் லூயிஷம் பகுதியில், வாகனம் ஓயாத தெற்கு வளையச் சாலைக்கு அருகில் வளர்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் மூன்று ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட தடவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். அவளுடைய தாய் விடவில்லை. இரண்டாவது விசாரணை நடந்தது. 2020 டிசம்பர் 16 அன்று மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, அவள் சாவுக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசைப் பதிவு செய்தார். அந்த நாட்டில் அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை. நம் ஊரில் ஒரு பிள்ளையின் இறப்புச் சான்றிதழில் அப்படி எழுத எந்தக் கை துணியும்? எழுதாததால் அப்படி நடக்கவில்லை என்று பொருளாகிவிடுமா?

இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால், ஆஸ்துமாவால் இறப்பவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இந்தியர். இந்த இடைவெளி ஒரு தேசத்தின் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை. நம் காற்றுக்கு அதில் பங்கு உண்டு. நம் மருத்துவத்துக்கும் உண்டு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை அன்றாடம் எடுத்தால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவற்றில் ஏராளம். நாமோ மூச்சு முட்டும்போது நெபுலைசருக்கு ஓடுகிறோம். மூச்சு சீரானதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம்.

இங்கே நம் வீடுகளுக்கும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். பஃப் பழக்கினால் கடைசிவரை விடாது என்ற பொய்யைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் இன்ஹேலரை அலமாரிக்குள் ஒளிக்கச் சொல்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெண் மாமியாருக்குத் தெரியாமல் குளியலறையில் பஃப் இழுக்கிறாள். தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கஷாயமும் தொண்டைக்கு இதம் தரலாம். அவற்றை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. புகையால் வந்த நோயைக் கறை என்று மறைக்கச் சொல்லும் குடும்பம், புகைவிட்டவனுக்குத் துணை போகிறது.

வீட்டுக்குள்ளும் புகை உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை வெளியிடக்கூடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சன்னலைச் சாத்தி, சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கட்டிலின் மேல் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். ஆனால், அந்தத் தாயை மட்டும் குற்றம் சொல்லி இந்தப் பத்தியை முடிக்க மாட்டோம். சாக்கடை மூடப்படாமல் தேங்கி நிற்கும் தெருவில் கொசு வராமல் இருக்குமா? கொசுவலை அடித்த சன்னல் வாடகை வீட்டுக்கு யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? ஊராட்சியும் மாநகராட்சியும் செய்யத் தவறிய வேலைக்கு அவள் தன் பிள்ளையின் நுரையீரலால் வரி கட்டுகிறாள்.

குப்பை எரிப்பதும் அதே கதைதான். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை எரிக்கக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்தன. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு 47 ஏக்கர் பரப்பில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மலை. கோடையில் அது தீப்பற்றி எரிந்த நாள்களில் திருச்சியின் கிழக்குப் பகுதி மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போன அனுபவம் ஊருக்கே தெரியும். பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றும் பணி நடந்து வந்திருக்கிறது; அதை வரவேற்கிறோம். ஆனால், பெரிய தீ அணைந்தாலும் சிறு தீக்கள் ஓயவில்லை. விடியற்காலையில் தெரு ஓரங்களில் சருகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து புகைகின்றன. அள்ள வண்டி வராதபோது தூய்மைப் பணியாளர் வேறு என்ன செய்வார்? முகக்கவசம்கூட ஒழுங்காகக் கிடைக்காத அவர்தான் அந்தப் புகையை முதலில் விழுங்குகிறார். தீக்குச்சி கிழித்த கையைத் தண்டிப்பதற்கு முன், அள்ள வண்டி அனுப்பாத கையை விசாரிக்க வேண்டும்.

திருச்சியை உலகம் ஒரு காலத்தில் புகையால் அறிந்திருந்தது. உறையூர்ச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து போனது. சர்ச்சில் புகைத்தது எங்கள் ஊர்ச் சுருட்டுத்தான் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சுருட்டுப் பிடித்தவர் தன் புகையைத் தானே தேர்ந்தெடுத்தார், காசு கொடுத்து வாங்கினார். சத்திரம் பேருந்து நிலையத்தில் புத்தகப் பையோடு நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் வீட்டில் கார் இல்லை. ஊரின் புகையில் அவளுடைய பங்கு மிகச் சிறியது. அவள் நெஞ்சுக்குள் போகும் பங்கு மிகப் பெரியது. குளிர்சாதனக் காரில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவரின் கணக்கு இதற்கு நேர் எதிர். காற்று எல்லோருக்கும் பொது என்பது பாதி உண்மைதான். அதன் அழுக்கை நாம் பங்கு போட்டிருக்கும் விதம் அநியாயமானது.

மலைக்கோட்டையில் குடியிருக்கும் இறைவனின் பெயர் தாயுமானவர். காவிரி வெள்ளத்தைக் கடந்து வர முடியாமல் தாய் அக்கரையில் நின்றபோது, பிரசவ வலியில் துடித்த ரத்னாவதிக்குச் சிவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சாத்த இன்றும் கர்ப்பிணிகளின் குடும்பங்கள் படியேறுகின்றன. அந்தப் படிக்கட்டின் அடிவாரத்துக் காற்றும் வயிற்றுப் பிள்ளையைத் தொடுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் பி.எம். 2.5 ஒரு கன மீட்டர் காற்றில் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் கண்டது. கருவிலேயே நுண்துகளைச் சந்தித்த குழந்தைகளுக்குப் பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பேறு பார்க்க இறைவன் இறங்கி வந்த ஊரில், பிறக்கப்போகும் பிள்ளையின் மூச்சுக்குக் காவல் இருக்க அரசு இறங்கி வரக் கூடாதா?

சட்டம் இல்லையென்று சொல்ல வழியில்லை. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981இலேயே வந்துவிட்டது. மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல், சுபாஷ் குமார் வழக்கில், சொல்லிவிட்டது. நம் நாட்டின் தர அளவே தளர்வானது என்பது வேறு. பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை நாம் அனுமதிக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. இந்திய நுரையீரல் மற்ற நுரையீரலைவிட எட்டு மடங்கு வலியதா? அந்தத் தளர்ந்த அளவையும் 2009இல் வகுத்தோம், இன்றுவரை திருத்தவில்லை.

கடைவீதிகளில் புகையைக் குறைக்கலாம் என்றால், ‘வண்டியை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும்’ என்பார்கள். வியாபாரிகளின் கவலை பொய்யல்ல. காந்தி மார்க்கெட்டின் மொத்த வணிகத்தை நகருக்கு வெளியே கள்ளிக்குடிக்கு மாற்றக் கோடிகள் செலவழித்துக் கட்டிய வளாகம் வெறிச்சோடிப் போனதற்கு, வணிகர்களையும் தொழிலாளர்களையும் அரவணைத்துத் திட்டமிடாததும் ஒரு காரணம். ஆனால், தீபாவளி நெருங்கும்போது கூட்டத்துக்காக மலைக்கோட்டைப் பகுதியில் போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறோமே, அப்போது வியாபாரம் படுக்கிறதா? நடக்க இடமிருப்பதால் கூட்டம் கூடத்தான் செய்கிறது. பண்டிகைக்கு முடிந்தது பிள்ளைகளின் மூச்சுக்கும் முடியும்.

எனவே நாம் கேட்பது இவை. ஐந்து நிலையங்களின் அளவும் அன்றன்றே, அந்தந்த இடத்திலேயே, தமிழில், எவரும் படிக்கும் பலகையில் தெரிய வேண்டும். பெரிய துகள்களோடு நிற்காமல் பி.எம். 2.5ஐயும் கரித்துகளையும் ஆண்டின் எல்லா நாளும் அளக்க வேண்டும். தூய காற்றுத் திட்டத்தின் பணம் வாகனப் புகைக்கும் எரியும் குப்பைக்கும் முதலில் செல்ல வேண்டும். கரும்புகை விடும் வண்டி அரசுப் பேருந்தாக இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். பணம் கட்டினால் கிடைக்கும் புகைச் சான்றிதழ் ஒழிய வேண்டும். பஞ்சப்பூரில் 2025 மே மாதம் திறக்கப்பட்ட பேருந்து முனையத்தால் நகருக்குள் குறையும் நெரிசலின் பலனை மீண்டும் கார்களுக்குத் தாரை வார்க்காமல், மலைக்கோட்டை வீதிகளை நடப்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும். பள்ளி வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் பழக்கத்தைப் பெற்றோரும் வேன் ஓட்டுநர்களும் இன்றே கைவிட வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்புக் குறையாமல், இலவசமாக, உபயோகிக்கும் முறையைச் சொல்லித்தரும் செவிலியரோடு கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதற்குச் செலவே இல்லை. மூச்சிரைப்போடு வரும் ஒவ்வொரு குழந்தையின் சீட்டிலும் வயது, எடையோடு அவள் வசிக்கும் தெரு, படிக்கும் பள்ளியின் தெரு ஆகியவற்றையும் அரசு மருத்துவமனைகள் எழுதத் தொடங்கட்டும். அந்த நாளின் காற்று அளவை அதன் பக்கத்தில் வைக்கட்டும். ஒரே ஆண்டில் எந்தத் தெரு எத்தனை பிள்ளைகளின் மூச்சை அடைக்கிறது என்பது பெயரோடு, எண்ணோடு வெளிவந்துவிடும். உறுதியான தரவு இல்லை என்று அதன் பிறகு எந்த அமைச்சரும் எந்த அவையிலும் படிக்க முடியாது.

“இவளுக்குத் தூசு ஒத்துக்காது” என்று அடுத்த முறை ஒரு தாய் சொல்லும்போது, மருத்துவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்கட்டும்: “அம்மா, நீங்கள் எந்தத் தெரு?”